பச்சை டை

தன் கல்யாணத்தில் மிலென் தானாகத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு பொருள், பச்சை டை. விருந்து, வாத்தியக்காரர்கள், ஏன், தேதிகூட மாமியார் வெலிச்கா முடிவு செய்ததுதான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும் என்று லோவெச் ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். மிலெனும் கூடவே சிரித்துவைத்தான். டை வாங்க மட்டும் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய்வந்தான்.

ஸ்டுடியோ வைத்திருந்த சான்கோவுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. படத்தை முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, ஒரே ஒரு பொருளில் மட்டும் நிறத்தை விட்டுவைப்பான். அந்த ஊர்க் கல்யாணப் படங்கள் அத்தனையிலும் பெண் கையிலிருக்கும் பூச்செண்டு மட்டும் சிவப்பாக இருப்பது அவன் புண்ணியம். அதைக் கலை என்று வேறு சொல்லிக்கொள்வான். மிலெனைப் பெண் வீட்டு வாசலில், மொத்தக் குடும்பத்தோடும் நிறுத்தி எடுத்த படமும் அப்படியே வந்தது. மணப்பெண் ரலிட்சாவின் ரோஜாக்கள் சிவப்பு, மனிதர்கள் சாம்பல்.

வெலிச்காவுக்குப் பொறுக்குமா? "தையக்காரி வீட்டுக்கு ரெண்டு மாசம் நடையா நடந்து தச்ச என் கவுன். அதைப் போய் சாம்பலாக்கி வச்சிருக்கான்" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கவுன் நீலமாகத் திரும்பி வந்தது, முகமும் ரோஜா நிறத்தில். கையோடு மகளுக்கும் நிறம் வாங்கிக் கொடுத்திருந்தாள். அடுத்து மாமனார் தொடோர் போனார். படத்தில் அவர் தூக்கிப் பிடித்திருந்த ரகியா பாட்டில்தான் அவருடைய குறை. "ஆறு வருசம் பீப்பாய்ல கிடந்த சரக்குடா. தண்ணி மாதிரி தெரியுது." சாராயம் பொன்னிறமானது, அவர் மூக்கும் உள்ள நிறத்துக்கு வந்தது. மச்சான் இவாய்லோ தன்னையும் தன் ஆரஞ்சுக் காரையும் மீட்டுக்கொண்டான். கடைசியில் நாய்க்குக்கூடப் பழுப்பு நிறம் கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்து கூடத்துச் சோபாவுக்கு மேலே படம் ஏறியபோது, அதில் சாம்பலாக இருந்தது மிலென் ஒருவன்தான்.

அவன் ஸ்டுடியோவுக்குப் போனான்.

"அண்ணே, என் டைக்கு மட்டும் நிறம் விடுங்க. நான் அப்படியே இருந்துட்டுப் போறேன்."

"ஆர்டர் உங்க மாமியார் பேர்ல இருக்கு தம்பி. அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், அஞ்சு நிமிச வேலை."

அந்த ஒரு வார்த்தையை மிலென் சாப்பாட்டு மேசையில் கேட்டான். "கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. மாப்பிள்ளை, நீ நேர்லயே கறுப்பு வெள்ளைதான்" என்றாள் வெலிச்கா. எல்லோரும் சிரித்தார்கள். ரலிட்சாவும் சிரித்தாள். அதுதான் அவனுக்கு வலித்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வெலிச்கா சிவப்பு மிளகாய் மூட்டை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். ரலிட்சா வேலைக்குப் போயிருந்தாள். மிலென் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. வாசலில் நெவெனா நின்றிருந்தாள், தொடோரின் பெரியப்பா மகள். இடுப்பு ஆபரேஷனால் கல்யாணத்துக்கு வராதவள். இப்போது வர்ணாவிலிருந்து பஸ்ஸில், கையில் ஏழு வெள்ளைக் கார்னேஷன் பூக்களோடு வந்திருந்தாள். தாடியும் அழுக்குச் சட்டையும் கையில் குறடுமாக நின்றவனைப் பார்த்து, "குழாய்க்காரரா? வேலையைப் பாருங்க தம்பி, நான் உக்காந்திருக்கேன்" என்று உள்ளே போனாள்.

படத்தின் முன் நின்றாள். மயில் போல மின்னுகிற குடும்பத்தின் நடுவே நிறமில்லாத ஒரு வாலிபன். இந்த ஊர்களில் ஒருவன் முகம் மட்டும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் தெரிவது வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டுகிற இறப்பு அறிவிப்பில்தான். நெவெனா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். கொத்திலிருந்து ஒரு பூவை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சம் ஆறையும் அங்கிருந்த குவளையில் போட்டுப் படத்துக்குக் கீழே வைத்தாள். பூ கொடுத்தால் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, செத்தவர்களுக்கு இரட்டைப்படை. இதை அங்கே சின்னக் குழந்தையும் அறியும்.

மிலெனுக்கும் புரிந்தது. அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவளே கேட்டாள்.

"பாவம், சின்ன வயசு. இவரைத் தெரியுமா தம்பி?"

"கொஞ்சம் தெரியும்மா."

"எப்படிப்பட்டவர்?"

மிலென் யோசித்தான். தன்னைப் பற்றி இப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை. "அமைதியான ஆளு. எதுவும் கேக்க மாட்டாரு. ஒரே ஒரு தடவை கேட்டாரு."

"கிடைச்சுதா?"

"இல்லம்மா."

"இவங்க நல்லா வச்சிருந்தாங்களா?"

"படத்துல சேத்துக்கிட்டாங்க" என்றான் மிலென்.

நெவெனா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கும் செத்துப்போன அந்த மிலென்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

அப்போதுதான் வெலிச்கா மூட்டையோடு நுழைந்தாள். "மாப்பிள்ளை, குழாய் முடிஞ்சுதா இல்லையா? அட, அண்ணி, எப்ப வந்தீங்க?"

நெவெனா படத்தைப் பார்த்தாள், குறடு பிடித்தவனைப் பார்த்தாள். "வெலிச்கா, நான் இந்தப் பிள்ளைக்குச் சாவுப் பூ வச்சுட்டேன்" என்றாள்.

வெலிச்கா ஆறு பூக்களையும் எண்ணினாள். முகம், படத்தில் இருந்ததைவிடச் சிவந்தது. வர்ணா முழுக்க இந்தக் கதை பரவும் என்பது அவளுக்குத் தெரியும். உடனே போனை எடுத்துச் சான்கோவைக் கூப்பிட்டு, கை மண்ணாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "எங்க மாப்பிள்ளைக்கும் நிறம் போடு. இன்னிக்கே."

மிலென் குறடோடு போன் பக்கம் நெருங்கி நின்றான். நெவெனா சிரித்தபடி கையிலிருந்த ஏழாவது பூவை மற்ற ஆறோடு சேர்க்கக் குவளைப் பக்கம் போனாள்.

"முகத்துக்குப் போட்டுடறேன். டை பச்சை. அப்படியே விடவா?" என்றான் சான்கோ.

வெலிச்கா படத்தைப் பார்த்தாள், அதன் கீழே சோபாவைப் பார்த்தாள். "பச்சை வேண்டாம். சோபாவுக்கு ஒத்து வராது. நீலமா மாத்திடு."

"அத்தை, அது பச்சை டை" என்றான் மிலென். "நான் வாங்கினது."

"சோபாவைப் பாரு மாப்பிள்ளை. நீயே சொல்லு."

மிலென் சோபாவைப் பார்த்தான். பழுப்பும் நீலமுமாக, அதுவும் அவள் வாங்கியதுதான்.

"சரி அத்தை" என்றான்.

குவளை அருகே நின்றிருந்த நெவெனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏழாவது பூவைத் தன் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டு, காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.