ஊசி எழும் வரைக்கும்

மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டுத் தரை மரப்பலகை. யாராவது நடந்தால் இசைத்தட்டின் மேல் ஊசி துள்ளும். அதனால் ரெகார்டு ஓடும்போது நான் நடக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணன் சட்டம் போட்டிருந்தார். ரயில்வேயிலிருந்து ரிட்டயரான பிறகு, அவர் சட்டம் போட நான் ஒருத்திதான் மிச்சம்.

தன்னிடமிருந்த கர்நாடக சங்கீத ரெகார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதே மழைக்காலம் முழுக்க அவருக்கு வேலை. கை நடுங்குவதால் ஊசியை வைக்கவும் எடுக்கவும் நான் வேண்டும். வைத்துவிட்டு, ஒரு பக்கம் முடியும்வரை அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மிக்ஸி போடக் கூடாது. குழம்பு அடிப்பிடித்தாலும் எழக் கூடாது. அசைந்தால் ஒற்றை விரலைத் தூக்குவார். இத்தனைக்கும் பாட்டு என் காதில் விழாது. ஸ்பீக்கர் அதிர்ந்தால் ஊசிக்கு ஆகாதாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவர் மட்டும் தலையாட்டுவார். கல்யாண வீட்டு வாசலில் செருப்புக்குக் காவல் உட்கார்ந்த மாதிரி இருக்கும் எனக்கு.

நவி மும்பை நெருளில் இருக்கும் எங்கள் மகள் வந்தனா, ஆபீஸ் போகும் தன் சிநேகிதிகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மேடையில் பாடியவள் நான். அப்புறம் அடுக்களையில்தான் கச்சேரி. விஜயதசமியன்று வகுப்பு ஆரம்பம். போயே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ரெகார்டு முடிந்தால் போகலாம் என்றார் இவர்.

விஜயதசமிக்கு முதல் நாள் மத்தியானம் கடைசித் தட்டும் முடிந்தது. பையில் வைக்குமுன் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். அதே நேரம் அவர் முதல் பாட்டை ஸ்பீக்கரில் வைத்தார். ஆரம்பத்தில் பாட்டு பெட்டியின் சுருதியோடு பாலும் தண்ணீருமாகச் சேர்ந்தது. போகப்போகச் சுருதியை விட்டு இறங்கியது. அடுத்ததும் அப்படியே. பிளேயரின் ரப்பர் பெல்ட் தளர்ந்து, தட்டு நினைத்தபோது மெதுவாகச் சுற்றியிருக்கிறது. இவர் பெரிய ரசிகர்தான், ஆனால் சுருதி ஞானம் சுத்தமாகக் கிடையாது. சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பார். மறுபடி ஸ்டூல். என்னால் ஆகாது. பெட்டியை அணைத்தேன்.

அவர் ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"இந்தா நாகு, நாளைக்கு நீ அவாளுக்குப் போட்டுக் காட்டணும்னுதான் இத்தனை அவசரப்பட்டேன். பெரியவா பாட்டைக் கேட்டாத்தான் சுருதி சேரும்னு நீதானே சொல்லுவே?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மனுஷர் கெட்டவராகவாவது இருந்திருக்கக் கூடாதா?

வாங்கிக்கொண்டேன். மறுநாள் அவரும் கூடவே நெருளுக்கு வந்தார். பென்டிரைவைத் தானே போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தார். என்னை நம்பி வந்த பெண்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். பாட்டு இறங்க ஆரம்பித்தது. நாற்காலியில் நான் அசையாமல் இருந்தேன். பழகிப்போன உடம்பு. பக்கம் முடியட்டும் என்று காத்திருந்தது.

அதை நினைத்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. எழுந்தேன்.

அவர் விரல் தானாக உயர்ந்தது.

நடந்துபோய்ப் பாட்டை நிறுத்தினேன். "பெல்ட் தளர்ந்திருக்கு. எல்லாமே சுருதி இறங்கிடுத்து" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சுருதிப்பெட்டியைப் போட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே ஸா பிடித்தேன். விரலை எப்போது இறக்கினார் என்று நான் கவனிக்கவில்லை.