சாலையை விட்டு விலகாத வண்டி

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க என்று மருத்துவமனையில் தந்த ரப்பர் பந்து, சோபாவுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டி வெளியே உருண்டு வந்தது. அவள் அதைத் துடைத்துக் கணவரின் மடியில் வைத்தாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாள் முழுக்க இதைப் பிழிஞ்சா என்ன, ஜூஸா வரப்போகுது?" என்றார்.

துறைமுகத்தில் அவருக்கு வேறு பேரே கிடையாது, கிரேன்காரர்தான். கப்பலில் இருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்கும் வேலை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடிகள். வலது கை பெட்டியைத் தூக்கும், இறக்கும். இடது கை அதை முன்னும் பின்னும் நகர்த்தும். காற்றில் பெட்டி ஊசலாடினால், அந்த ஆட்டத்தை அடக்குவதும் இடது கைதான். அவருக்கு வந்த பக்கவாதம் காலை விட்டுவிட்டது, பேச்சை விட்டுவிட்டது, தேடிப் பிடித்தது போல இடது கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மேலாளர் நல்ல மனிதர். பார்க்க வந்தபோது, கை சரியானதும் நீங்களே சொல்லுங்கள், ஒரு சோதனை வைத்துவிட்டு மேலே ஏற்றுகிறேன், அதுவரைக்கும் அந்த நாற்காலி உங்களுடையது என்றார். முடியாவிட்டால் வாசலில் லாரிகளுக்குப் பாஸ் பார்க்கும் வேலை இருக்கிறது என்றும் சொன்னார். முதலில் சொன்னது மட்டும்தான் கிரேன்காரர் காதில் விழுந்தது. வாசலில் உட்கார்ந்து லாரிக்கு டாட்டா காட்டவா இத்தனை வருஷம் மேலே ஏறினேன் என்று, மேலாளர் போன பிறகு மனைவியிடம் முணுமுணுத்தார். அதற்கப்புறம் வீட்டில் அவர் குரல் குறைந்துகொண்டே வந்தது. காலையில் சோபா, மாலையில் சோபா. அந்த நாற்காலியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்ததோ, அவர் ஏதாவது ஒன்றுக்குச் சிரிக்க வேண்டும் என்பதுதான்.

டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி வாங்கலாம் என்ற யோசனை மகளுடையது. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள். கைப் பயிற்சி கொடுக்கும் பெண்மணியும், விரலுக்கு நல்லதுதான், வாங்குங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆனால் எதை வாங்குவது? மனைவியின் தம்பி செல்போன் பழுது பார்க்கிறவன். கால்பந்து விளையாட முடியாத பெட்டி எல்லாம் ஒரு பெட்டியா என்றான். மகளுக்குத் தோழிகளோடு சேர்ந்து விளையாட வேண்டும். அம்மாவுக்கு, அது சத்தம் போடாமல் ஒரு மூலையில் கிடந்தால் போதும். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, சோபாவில் இருந்து குரல் வந்தது.

"வாங்கறதுன்னா நானும் வர்றேன். கைப்பிடியைப் பிடிச்சுப் பார்க்காம வாங்கக் கூடாது."

பல வாரங்களில் அவர் பேசிய பெரிய வாக்கியம் அதுதான். மகள் ஓடிப்போய் அவருடைய செருப்பை எடுத்து வைத்தாள்.

கடையில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. ஒன்று கறுப்பு, சூட்கேஸ் மாதிரி கனமானது. இன்னொன்று வெள்ளை, டிபன் டப்பா அளவுதான் இருக்கும். கிரேன்காரர் கறுப்பின் கன்ட்ரோலரைக் கையில் வாங்கியதுமே முகம் மாறிவிட்டது. கட்டைவிரலுக்கு அடியில் இருந்த குமிழை மெல்லத் தள்ளினார், விட்டார், மறுபடி தள்ளினார். நல்லா எதிர்த்து நிக்குது, கேபின்ல இருக்கற மாதிரியே இருக்கு என்று மைத்துனனிடம் சொன்னார்.

விற்கிற பெண் கார்ப் பந்தயம் ஒன்றைப் போட்டுவிட்டாள். கார் கிளம்பியது, முதல் வளைவிலேயே சுவரில் மோதியது. திருப்பினார். எதிர்ப்பக்கச் சுவரில் மோதியது. இடது கட்டைவிரல் குமிழில் இருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. அவர் வலது கையால் அதைப் பிடித்து மறுபடி வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற இளைஞர்கள் நாகரிகமாகச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த நாகரிகம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கார் ரொம்ப நல்ல கார் அத்தான், சுவருதான் சரியில்லை" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

மகள் அவளைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்க் காதில் சொன்னாள். வெள்ளைப் பெட்டியில் ஓடும் ஒரு கார்ப் பந்தயத்தில் 'உதவி' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், நாம் எப்படி ஓட்டினாலும் வண்டி சாலையை விட்டு விலகாது. பள்ளத்தில் விழப்போனால் தானே திரும்பிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்காக வைத்தது. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

அவள் சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறையை உள்பக்கமாகத் தள்ளி மடித்துக் கொடுப்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும். கடை வாசலில் முகம் வாடாமல் போனால் போதும். அவளும் மடித்தாள்.

"வெள்ளையே எடுத்துக்கலாங்க. கறுப்புல தூசி அப்படியே தெரியும், யாரு தினம் துடைக்கறது?"

கிரேன்காரர் கறுப்புக் கன்ட்ரோலரைக் கீழே வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, சரி, வீட்டுக்கு எது தோதோ அதையே எடுங்க என்று விட்டுக்கொடுத்தார்.

பெட்டியை டிவியோடு இணைத்த அன்றே மகள் உதவியைப் போட்டுவிட்டாள். முதல் பந்தயத்தில் அப்பா நடுவில் வந்தார். ஒரு தடவைகூட வண்டி விழவில்லை. அடுத்த வாரம் மகளைத் தோற்கடித்தார். மைத்துனன் வந்தபோது அவனையும் தோற்கடித்து, செல்போன் நோண்டற கைக்கு ஸ்டியரிங் ஒத்து வராது மாப்பிள்ளை என்று சீண்டினார். வீட்டில் மறுபடி சத்தம் வந்தது. சாப்பிடும்போது பேசினார். குளிக்கும்போது பாடினார், பாட்டு என்று சொல்ல முடியாது, ஆனாலும் பாடினார். சத்தம் போடாத பெட்டி கேட்டவள், அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அடுப்படியில் நின்றிருப்பாள்.

ஒரு நாள் விளையாடிக்கொண்டே அவர், வண்டின்னா இப்படி இருக்கணும், நாம சொல்றதுக்கு முந்தியே கேட்குது என்றார். அவளும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும், கை தேறட்டும், அப்புறம் உதவியை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கை தேறியதா என்று யாரும் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானை இன்னமும் அவள்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருவருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கிரேன்காரர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

"மேலாளருக்குப் போன் போட்டேன். புதன்கிழமை சோதனை. மேலே ஏறப்போறேன்."

மகள் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. இவ்வளவு சீக்கிரமா, டாக்டரைக் கேட்டீங்களா என்று மனைவி இழுத்தாள். டாக்டர் என்னத்தைச் சொல்வார், விரலை மடக்கச் சொல்வார், நீட்டச் சொல்வார். கை எப்படி இருக்கிறது என்று தினமும் டிவியில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார் அவர். எந்தப் பெட்டி வாங்குவது என்று பேசிய அன்றே இதை நினைத்துத்தான் கடைக்கு வருகிறேன் என்று சொன்னாராம். எல்லா வளைவிலும் இடது கை வழுக்காமல் நின்றுவிட்டால் போன் போடுவது என்று முடிவு செய்திருந்தாராம். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அடுப்படியில் அம்மாவும் மகளும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள். நீதான் போடச் சொன்னாய் என்றாள் மகள். நீதான் காதில் ஓதினாய் என்றாள் அம்மா. கிரேனில் இருந்து இரும்புப் பெட்டி இறங்கும் இடத்தில் லாரி டிரைவர் நிற்பான், பெட்டியை லாரியோடு சேர்த்துப் பூட்டு மாட்டுகிற ஆட்கள் நிற்பார்கள். இது டிவிக்குள் நடக்கும் விஷயம் இல்லை.

சனிக்கிழமை சொல்லலாம் என்று போனவள், அவர் பழைய வேலைச் சட்டையை எடுத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இஸ்திரி போட வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் முடி வெட்டப் போயிருந்தபோது, மகளை அழைத்து, அந்த உதவியை எடுத்துவிடு என்றாள். வாயால் சொல்ல முடியாததை அந்தப் பெட்டியே சொல்லிவிடட்டும் என்ற கோழைத்தனம்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் உட்கார்ந்தார். முதல் வளைவு. வண்டி நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இன்னிக்குக் கை கொஞ்சம் மரத்துப்போயிருக்கு என்று விரல்களை உதறிக்கொண்டார். இரண்டாவது வளைவில் விழுந்தது, பாலத்தில் விழுந்தது, விளையாட்டே சாலையில் தூக்கி வைத்த இடத்திலேயே மறுபடி விழுந்தது. அவர் கோபப்படவில்லை. கெட்டுப்போன இயந்திரத்தைப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தார். மகளிடம் கன்ட்ரோலரை நீட்டி, நேர்ச் சாலையில் ஓட்டு, நான் சொல்லும்போது கையை எடு என்றார். அவள் ஓட்டினாள், கையை எடுத்தாள். வண்டி மெல்ல ஓரம் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி விழுந்தது.

அவர் கன்ட்ரோலரைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை நாள் யாரு பிடிச்சிருந்தா?"

மகள் அழ ஆரம்பித்தாள். மனைவி வாசற்படியில் நின்றபடியே, நான்தாங்க போடச் சொன்னேன், அது உதவின்னு ஒண்ணு என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டார். முதல் நாளில் இருந்தே என்றாள். கடையில் வெள்ளையை எடுத்தது அதற்காகத்தானா என்று கேட்டார். அதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திட்டுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தாள். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கீழே ஆளுங்க நிப்பாங்க. தெரியும்தானே உனக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். மேலாளரிடம் பேசியபோது குரல் சிரித்துக்கொண்டே இருந்தது. புதன்கிழமை வேண்டாம் சார், வீட்டுல பயப்படறா, மேலே ஏறவே கூடாதுன்னு ஒத்தைக் காலில் நிக்கறா, பொம்பளை பேச்சைக் கேட்கலேன்னா சோறு கிடைக்காது சார் என்றார். மறுமுனையில் இருந்தவரும் சிரித்திருக்க வேண்டும். வாசல் வேலைக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வைத்தார். பழி முழுவதும் தன் தலையில் இறங்கியதைக் கேட்டபடி அவள் நின்றாள். அது பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை. முழுப் பொய்யும் இல்லை.

இஸ்திரி போட்டு வைத்த வேலைச் சட்டையை அவரே அலமாரியின் அடியில் வைத்தார்.

வாசல் வேலைக்கு மதியம் ஷிப்ட். லாரி டிரைவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என்ன கிரேன்காரரே, தரைக்கு வந்துட்டீங்க என்று கேட்கிறார்களாம். அவரும் வீட்டம்மா மேல் பழியைப் போட்டுச் சிரிக்க வைப்பாராம். இதெல்லாம் அவளுக்குத் தம்பி மூலமாகத்தான் தெரியவந்தது. வீட்டில் அவர் பேசுவது மறுபடி குறைந்துவிட்டது. ராத்திரி வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். வெள்ளைப் பெட்டியை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. விற்றுவிடலாமா அப்பா என்று மகள் ஒருநாள் கேட்டதற்கு, கிடந்துட்டுப் போகட்டும், சோறா கேட்குது என்றார்.

சலவைக் கடையில் ஆள் வராத ஒரு நாள், அவள் வேளைக்கு முன்பே வீட்டுக்கு வந்தாள். அவர் அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். தெருமுனையில் அவர் முதுகைக்கூடப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்து, சும்மா இருப்பானேன் என்று டிவி மேசையைத் துடைத்தாள். துணி வெள்ளைப் பெட்டியின் மேல் பட்டதும் நின்றாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி சூடாக இருந்தது.

எப்படிப் போடுவது என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். போட்டாள். உதவி அணைந்தேதான் இருந்தது. கடைசியாக ஓட்டிய பந்தயத்தின் முடிவுப் பலகை இன்னும் அதில் இருந்தது. எல்லா வண்டிகளுக்கும் கீழே, கடைசி வரியில் அவர் வண்டி. அதற்கு முந்தைய பந்தயத்திலும் அப்படியே. அதற்கு முந்தியதிலும்.

டிவியை அணைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். மாலையில் மகள் வந்து, என்னம்மா சீக்கிரம் வந்துட்டே என்று கேட்டபோது, தலைவலி என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. இந்த முறையாவது சொல்லாமல் இருப்பது சரிதானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.