பின்மூடியில் நான்கு ஓட்டைகள்

“அப்பம் அங்கன போர் போடுத வேலையே இல்லையா, அண்ணாச்சி?”

“முதல் ரெண்டு மாசம் போட்டோம். பொறவு இல்ல.”

“பொறவு?”

“பிக்கப் வண்டியில பீரங்கி மாட்டினோம்.”

விஜயராஜ் சிரித்துவிட்டான். கூட வந்திருந்த அவன் மதினி சத்தியபாமா சிரிக்கவில்லை. லிங்கராஜ் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாதி கட்டிய லாரி பாடியின் மேலிருந்து இறங்கி வந்தார். கயத்தாறில் நெல்லை ரோட்டோரம் இருந்த அந்தப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை ரயில் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் இருவரும் புதூரிலிருந்து வந்திருந்தார்கள். அண்ணன் சீனியையும் லிங்கராஜையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய அதே ஏஜெண்ட் இப்போது தம்பியையும் அனுப்புகிறான். போர்வெல் கம்பெனி என்றுதான் தாளில் இருந்தது. “வெல்டிங் தெரியுமான்னு மட்டுந்தான் அண்ணாச்சி கேட்டான்” என்று விஜயராஜ் சொன்னபோதுதான் லிங்கராஜுக்கு முகம் மாறியது.

“எங்க வீட்டுக்காரரு கம்ப்ரசர் வெடிச்சுச் செத்தாருன்னுதான சொன்னீங்க?” என்றாள் சத்தியபாமா.

“பொய் சொன்னேம்மா.”

இரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்ததை அவர் நின்றபடியே சொன்னார். அந்த நாட்டில் இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் துப்பாக்கியோடு வந்தவர்கள், லாரியில் போர் போடுகிற ரிக் மிஷினை ஏற்றத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். அவரும் சீனியும் கையைத் தூக்கினார்கள். காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டி. அதன் முதுகில் விமானத்தைச் சுடுகிற பழைய பீரங்கி. பக்கவாட்டில் சுட்டதும் வண்டி ஒருச்சாய்ந்து விழுந்தது. லிங்கராஜ் சேசிஸுக்குக் குறுக்கே இரும்புச் சேனல் ஓட்டினார். கம்ப்ரசர் வண்டிக்குச் செய்வதுபோல ஸ்பிரிங்கில் நாலு பட்டை கூட்டினார். பிறகு விழவில்லை.

“தோள்ல தூக்கிட்டு ஆடினானுவ. கோவில்பட்டியில இத்தனை பாடி கட்டியிருக்கேன், ஒருத்தன் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அதையும் சொல்லிருதேன்.”

பதினோரு வண்டி ஆனபின் வேறொரு பீரங்கி வந்தது. போர்க்குழிக்குள் இறக்கும் கேசிங் பைப் போல நீளக் குழாய். அதன் பின்மூடியில் நான்கு ஓட்டைகள். இது எதுக்கு அண்ணே என்று சீனி கேட்டான். சூடு ஆறுவதற்கு என்றார் லிங்கராஜ்.

“எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்.”

ஊரில் கிணற்றுப் பாறைக்கு வெடி வைக்கும்போது சீனியை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவது எப்போதும் அவர்தான். பழைய பீரங்கிகளில் காலித் தோட்டாக்கள் பக்கவாட்டில் தெறித்தன. முன்னால் குண்டு போகும். ஆக, புதுப் பீரங்கியைச் சுட்டுப் பார்க்கையில் நிற்க மிஞ்சியது பின்புறம். ஏலே, பக்கத்துல நிக்காத, பின்னால போ என்று கத்தினார். சீனி ஓடிப்போய்ப் பின்னால் நின்றான்.

“சுட்டானுவ. வண்டி ஆடவே இல்ல, தம்பி. ஒரு இம்மி ஆடல. நம்ம பிட்டிங் இப்படி நின்னுருச்சேன்னுதான் முதல்ல நெனச்சேன். பொறவுதான் திரும்பிப் பாத்தேன்.”

வண்டியை உதைக்க வேண்டிய நெருப்பு முழுவதும் அந்த நான்கு ஓட்டைகள் வழியாகப் பின்னால் போயிருந்தது.

ரோட்டில் ஒரு மணல் லாரி போனது. சத்தியபாமாவின் விரல்களில் தீப்பெட்டி ஆபீஸ் பசை காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“பெட்டியத் தொறக்காதீயன்னு சொன்னது இதுக்குத்தானா” என்றாள். “மூஞ்சியப் பாக்க விடலையேன்னு உங்கள எத்தன நாள் ஏசியிருப்பேன்.”

“ஏசும்மா. இப்பமும் ஏசு. ஆனா இவன அனுப்பாத.”

அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்த ஏஜெண்ட் தாளை எடுத்துப் பிரித்தான். கிழிக்கப்போகிறான் என்று லிங்கராஜ் நினைத்தார். அவன் படித்துவிட்டுப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தான்.

“மூணு வருசமா மழை இல்ல. ஆடெல்லாம் வித்தாச்சு. போர் போட்டா புழுதி வருது” என்றான். “இங்கன இருந்து என்ன செய்யச் சொல்லுதீய?”

“ஏலே, அது பீரங்கி. ஊர் சனத்தச் சுடுததுக்கு.”

“ரிக்குன்னு நெனச்சுக்கிடுதேன்.”

அளவு போடுகிற சாக்கட்டி தகட்டின்மேல் கிடந்தது. விஜயராஜ் அதை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, தகட்டில் ஒரு சின்ன வண்டி வரைந்தான். அதன் முதுகில் நீளமாக ஒரு குழாய். குழாயின் வாலில் நாலு சுழி.

“ஏலே, வேண்டாம்யா” என்றாள் சத்தியபாமா.

அவன் சாக்கட்டியை லிங்கராஜிடம் நீட்டினான்.

“எங்கன நிக்கணும்னு ஒரு புள்ளி வச்சுக் குடுங்க, அண்ணாச்சி.”