மூன்றாம் கட்டம்

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறது. விலை கேட்டு வருபவரை உட்கார வைத்து, தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் தொகை சொல்வோம். விலையை உலகத்துக்கே எழுதிப் போட்டவர் எங்கள் வம்சத்தில் கிடையாது. அந்தப் பெருமையை முடித்துவைக்க என் மருமகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அப்பா பெயரில் நடக்கும் எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் விலைக்கென்று தனியாக ஒரு பக்கமாம். அதில் மூன்று கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு விலை. முழுத் தொகையைச் சொல்ல வெட்கப்படுவதுபோல எல்லா விலையும் ஒன்பதில் முடிந்தது. நடுக்கட்டம் மட்டும் மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை உயர்ந்து, நெற்றியில் 'அதிகம் பேர் விரும்புவது' என்று பட்டை கட்டிக்கொண்டு நின்றது. பக்கம் இன்னும் வெளியாகவே இல்லை. அந்த அதிகம் பேர் யார் என்று கேட்டேன். இனிமேல் விரும்புவார்கள் என்றாள். பட்டையை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, கட்டம் முழுவதற்கும் பச்சை பூசிவிட்டாள்.

மூன்றாம் கட்டத்தின் விலையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். நடுவில் இருப்பதைப் போல நான்கு மடங்கு.

"இதை யாரும்மா வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க மாமா. இதைப் பார்த்துட்டு நடுவுல இருக்கறதைப் பார்த்தா மலிவாத் தெரியும். அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

ஆக, காக்கை விரட்டும் பொம்மைக்கு எங்கள் அப்பாவின் பெயர். பொம்மையே ஆனாலும் எங்கள் பெயரில் நிற்பது வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று நானே ஒரு வரி சொல்லி எழுத வைத்தேன்: 'நிறுவனத் தலைவர் நேரில் வந்து, வேலை முடியும்வரை உடன் நிற்பார்.' படிக்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

பக்கம் வெளியான ஒன்பதாம் நாள் பொம்மையை ஒருவன் வாங்கிவிட்டான். என் மனைவியின் தம்பி.

பதினோரு வருடங்களுக்கு முன், என் மகன் கல்யாணப் பந்தியில், அத்தான் பாசி வழித்துச் சம்பாதித்த சாப்பாடு வாசனையாக இருக்கிறது என்று நாலு பேர் கேட்கச் சொன்னவன். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அதே பந்தியில் சொன்னேன். மிதிக்கவில்லை. இப்போது முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தான்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள் மருமகள். அனுப்பினால் எழுதியதைச் செய்ய மாட்டார்கள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். போனால் பந்தியில் சொன்ன சொல் போகும். போகாவிட்டால் எழுதிக் கொடுத்த சொல் போகும். பந்தியில் சொன்னது என் சொல். எழுதியது என் அப்பா பெயரில் இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி எனக்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தாள்.

மொட்டைமாடியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருந்தான். ஆளுக்கொரு டம்ளர் எலுமிச்சைச் சாறு.

"தலைவர் வந்துட்டாரு. காசைக் கட்டினா யாரா இருந்தாலும் வந்துதானே ஆகணும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தொட்டி அருகே போய் நின்றேன். என் ஆட்கள் தண்ணீரை வடித்து, உள்ளே இறங்கி, தேய்த்து, பீய்ச்சிக் கழுவினார்கள். மூன்று மணி நேரம். வெயிலுக்குக்கூட நான் முகம் சுளிக்கவில்லை.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் எடுத்ததை வெள்ளைத் துணியில் பரப்பி, பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே ஒரு ஆள்தான், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார். இங்கே சபையே தயாராக இருந்தது.

"ஆறு வாளி சேறு. ஒரு ரப்பர் செருப்பு, இடது கால். பல்லி நாலு. புறா ஒண்ணு, எலும்பும் இறகுமா."

முன்வரிசையில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு வரிசையாக டம்ளர் வைக்கும் சத்தம்.

"அத்தான், கொஞ்சம் மெதுவாப் படிங்களேன்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்க வேண்டாமா?"

என் மனைவி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எத்தனை வருஷமாகக் கழுவவில்லை என்று தம்பியைக் கேட்டாள்.

"அத்தான் கடைசியா வந்து கழுவுனதுதான்க்கா," என்றான். "அப்புறம் வேற ஆளைக் கூப்பிடல."

அடுத்த உருப்படியைப் படித்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்துதான் வந்தது. கையெழுத்துப் போட்டுத் தந்தான்.

ஆறு மாதம் கழித்து, மூன்றாம் கட்டத்தை அவனே மறுபடி வாங்கியிருப்பதாக மருமகள் வந்து சொன்னாள். குறிப்பு எழுதும் இடத்தில், இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை என்று எழுதியிருந்தானாம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். கட்டியாகிவிட்டதாம். அப்புறம் என்ன, போய்த்தானே ஆக வேண்டும்.