பஜ்ஜி அடுக்கியவர்

என் கட்டுரை வாரப் பத்திரிகையில் வந்த முப்பத்திரண்டாம் நாள், பொன்மலையிலிருந்து என்னைப் பெண் பார்க்கத் தென்னூருக்கு வந்தார்கள்.

கட்டுரைக்கு 'என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்' என்று தலைப்பு. எழுதியவர் 'கந்தகம்'. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு வேறு புனைபெயர் தோன்றவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

உண்மையில் பார்த்துவிட்டுப் போனவர் ஸ்ரீரங்கத்து வக்கீல். "இவ்வளவு படிச்சியே, சாம்பார் எத்தனை டிகிரியில கொதிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அன்று வாய்க்குள் நின்றுபோன பதிலைக் கட்டுரையில் எழுதினேன்.

நடந்ததை எழுத வேண்டும். ஆள் தெரியக் கூடாது. அதனால் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மாற்றினேன். வக்கீலைப் பொன்மலை ரயில்வே லேபரட்டரிக்கு அனுப்பினேன். மூக்குக்கண்ணாடி மாட்டினேன். அதுவும் போதாதென்று, பஜ்ஜியைப் பெரிது சிறிதாக அடுக்கிவிட்டுச் சிறியதிலிருந்து தின்னும் பழக்கத்தையும் கொடுத்தேன். பொன்மலையில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்று யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை ராசப்பன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ரயில்வே லேபரட்டரி. மூக்குக்கண்ணாடி. நான் பஜ்ஜித் தட்டை வைத்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க தம்பி," என்றார் அப்பா.

"வேண்டாங்க."

"அவன் பஜ்ஜியத் தொட்டு ஒரு மாசமாச்சுங்க," என்றார் அவருடைய அம்மா வீரம்மாள். "எவனோ கந்தகமாம், பேரைப் பாருங்க! இவனைப் பத்திக் கண்டபடி எழுதிட்டான். உறையூர்ல ஜாதகம் பொருந்தின இடம். பொண்ணு பாக்க வரவே வேண்டாம்னுட்டாங்க."

"நாசமாப் போறவன்!" என்று கதவோரத்திலிருந்து என் அம்மா சபித்தார். என்னைத்தான்.

"ஆபீஸ்ல தினம் யாராவது பஜ்ஜி வாங்கிட்டு வந்து, 'அடுக்கு ராசப்பா'ங்கறாங்க," என்றார் ராசப்பன். "நான் பொண்ணு பாக்கவே இன்னிக்குத்தாங்க முதல்ல வரேன். ஒண்ணு மட்டும் சொல்லணும். உப்பு போட்ட சாம்பார் நூறு புள்ளி ரெண்டுல கொதிக்கும்னு எழுதியிருக்கு. கணக்கு சரி."

"எழுதினவன் கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"நான் எங்க, எப்ப பஜ்ஜி அடுக்கினேன்னு கேப்பேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடக்கும். ஆயுசு முழுக்க அவர் முன்னால் பஜ்ஜி வைக்க முடியாது. திறந்தால் எழுந்து போய்விடுவார். போகிறவர் நிம்மதியாகப் பஜ்ஜியாவது தின்னட்டும் என்று தோன்றியது. தட்டு ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க அடுக்கலீங்க," என்றேன். வந்தவர்கள் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆளை மறைக்கறதுக்கு ஒரு பழக்கம் தேவைப்பட்டுச்சு. வேற யாரோடதும் எனக்குத் தெரியல. அடுக்கித் தின்னுறது நான்தாங்க."