மீனுக்கு வியாழன், ஜெலாட்டோவுக்கு வெள்ளி

மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்பட்ட மகளிடம் அம்மா சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். குளிருக்குப் போர்த்திக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. விமான நிலையத்து வாசலில் மற்ற தாய்மார்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவள் மகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மீன் தின்ன அன்னிக்குப் பால் தொடாதே. தொட்டா தோல்ல வெள்ளைத் திட்டு விழும். அவ்வளவுதான், போ."

மகள் படிக்கப் போனது மண்ணைப் பற்றி. எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எது எப்போது காலை வாரும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சோதிக்க யாருக்குத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்? விழுந்தால் விழுந்ததுதானே!

அவளுக்கு அறை கிடைத்த இடத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடலோரத் தெருவில் ஒரு கடை. ஒரே கூரை, ஒரே கதவு, தரையில் நட்டநடுவே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் தம்பிக்காரன் கணவாயும் இறாலும் பொரிப்பான். அந்தப் பக்கம் அக்காக்காரி ஜெலாட்டோ கிண்டுவாள். ஜெலாட்டோ என்றால் பயந்துவிடாதீர்கள், ஐஸ்கிரீமுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் திமிர். மஞ்சள் கோடு போய் முட்டுகிற இடத்தில் மாடிப்படி. மேலே இவள் அறை.

அந்த அறைக்குக் காசு வாங்கமாட்டார்கள். நாக்குத்தான் வாடகை. கடையைக் கட்டிய அப்பா உயிரோடிருந்தவரை, சாயங்காலம் வியாபாரம் தொடங்குமுன் இரண்டு பக்கமும் ஒரு வாய் ருசி பார்த்து "ம்" என்பாராம். அந்த "ம்" வந்த பிறகுதான் முதல் வாடிக்கையாளர் உள்ளே வரலாம். அவர் காலமான பின்பு அக்காவின் "ம்"மைத் தம்பி நம்பவில்லை, தம்பியின் "ம்"மை அக்கா நம்பவில்லை. அதனால் மாடியில் யார் குடியிருக்கிறார்களோ, "ம்" அவர்கள் பொறுப்பு. இரண்டுக்கும், ஒரே சாயங்காலத்தில். மாட்டேன் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேறு அறை பார்ப்பதென்றால் இவள் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வேலைக்குத்தான் போக வேண்டும்.

இவள் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. "மாடி" என்றே கூப்பிட்டார்கள்.

முதல் சாயங்காலம் தம்பி நீட்டிய கணவாயை மென்றாள். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பூப்போல. வயிற்றிலிருந்தே "ம்" வந்தது. அடுத்து அக்கா ஒரு கரண்டி பிஸ்தா ஜெலாட்டோவை இவள் வாயில் வைத்தாள். முழுக்கப் பால்! நல்லவேளை, "ம்" சொல்ல வாயைத் திறக்கத் தேவையில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு "ம்" என்றாள்; படியேறி ஓடி, ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியில் துப்பினாள்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. தெருவே அவள் நாக்கைப் புகழ்ந்தது. எறும்புகள்தான் காட்டிக்கொடுத்தன. சுவரில் சாரை சாரையாக ஏறிய எறும்புகளின் பின்னாலேயே அக்காவும் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏய் மாடி! என் பிஸ்தாவைச் செடிக்கா ஊட்டுற? செடி 'ம்'னு சொல்லுச்சா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. மீன் தின்னுட்டுப் பால் சாப்பிட்டா வெள்ளை விழும்."

"எவ சொன்னா?"

"எங்கம்மா."

அம்மா சொன்னாள் என்ற பிறகு எந்த நாட்டில் மறுபேச்சு உண்டு? அக்கா மெதுவாகத் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இரண்டையும் சேர்த்துத் தின்று வளர்ந்த கை அது.

"டேய், இங்க ஓடி வாடா!"

தம்பி ஓடி வந்தான். விரல்நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளை. அக்கா போட்ட கூச்சலில் தொட்டியே ஆடியது.

"ஐயோ, மாவுக்கா! கணவாய்க்குப் புரட்டுற மாவு!"

"கழுவிட்டு வா, அப்புறம் நம்புறேன்."

கழுவினான், போய்விட்டது. மனசுக்குள் விழுந்தது மட்டும் போகவில்லை. அக்கா அதைத் தெருமுனையில் இருந்த முடிதிருத்துபவரிடம் சொன்னாள். முடிதிருத்துபவரிடம் சொன்னால் தண்டோரா எதற்கு?

"மண்ணோட குணத்தையே படிக்கிற பொண்ணு, மனுஷத் தோலைப் பத்தித் தெரியாமலா சொல்லும்?" என்றார் அவர். பிடரியைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்காக இரண்டாவது கண்ணாடியும் மாட்டினார்.

ஜனங்கள் ஒரு நாள் மீன், ஒரு நாள் பால் என்று முறை வைத்துக்கொண்டார்கள். சந்தித்தால் வணக்கம் போய், "இன்னிக்கு நீங்க மீனா, பாலா?" என்பது வந்தது. அவன் மீன் நாளில் இருந்தபோது அவள் பால் நாளில் இருந்ததால் ஒரு காதல் முறிந்தது. முத்தத்தில் எது எதோடு கலக்கும் என்று யார் கண்டது! கடையிலோ, இரண்டு பக்கமும் கூட்டம் பாதியாகி, அக்காவும் ஈ ஓட்டினாள், தம்பியும் ஓட்டினான்.

கடைசியில் இருவரும் சேர்ந்து படியேறி வந்தார்கள்.

"நீ போட்ட முடிச்சு, நீயே அவிழு," என்றாள் அக்கா. "இன்னிக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாடியும் ரெண்டையும் தின்னணும். முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டணும். இல்லேன்னா பெட்டி."

"அக்கா சொல்றதுதான் சரி," என்றான் தம்பி. அப்பா போனதிலிருந்து அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப்போட்டது.

சாயங்காலம் தெருவே கடைக்குள் நின்றது. இவள் மஞ்சள் கோட்டின் மேல் நின்று கணவாயைத் தின்றாள். அக்கா ஜெலாட்டோ கிண்ணத்தை நீட்டினாள். இவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். திரையில் முதலில் ஒரு மூக்குத் துவாரமும் மின்விசிறியும் வந்தன, பிறகு அம்மா வந்தாள்.

"அம்மா, மீன் தின்னுட்டேன். இப்போ பாலும் தின்னணுமாம். இல்லேன்னா அறை போயிடும், படிப்பும் போயிடும்."

"எப்போடி தின்ன?"

"இப்பத்தான். வியாழக்கிழமை சாயங்காலம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்க வெள்ளிக்கிழமை விடிஞ்சு, பால்காரர் ஊத்திட்டே போயிட்டாரே!"

"அதுக்கென்னம்மா?"

"மண்ணைப் படிச்சு என்ன பிரயோசனம், மண்டு! மீன் தின்ன அன்னிக்குத்தானே பால் கூடாதுன்னேன்? மீனை உன் வியாழக்கிழமையில தின்னுட்ட. பாலை என் வெள்ளிக்கிழமையில தின்னு. நான் பாத்துட்டே இருக்கேன்."

கூட்டம் நம்பவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அம்மா ஜன்னல் கதவை விரியத் திறந்தாள். வெளியே நன்றாக வெளுத்திருந்தது. "ஆமாம்பா, விடிஞ்சுதான் இருக்கு," என்று முடிதிருத்துபவர் சாட்சி சொன்னார். இவள் கிண்ணத்தைப் போனோடு ஒட்டிப் பிடித்து, அம்மாவின் வெள்ளிக்கிழமை விலகிவிடாமல், கரண்டி கரண்டியாக விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். காது, கழுத்து, பிடரி எல்லாம் சோதித்தார்கள். மூக்குநுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கூட்டம் மூச்சைப் பிடித்தது. அவள் நாக்கை நீட்டி நக்கினாள், போய்விட்டது.

"ம்!" என்றாள். ஒரு மாதமாகத் துப்பியதை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. அவ்வளவு ருசி!

பின்னாலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மா, உங்க வெள்ளிக்கிழமையில எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

இப்போது மஞ்சள் கோட்டுக்கு நேராகச் சுவரில் ஒரு ஆணி. தினமும் சாயங்காலம் அதில் போன் தொங்கும், போனில் அம்மா இருப்பாள். மீன் தின்றவர்கள் வரிசையாக வருவார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்து, "ம், விடிஞ்சாச்சு, போ," என்பாள். கோட்டைத் தாண்டி ஜெலாட்டோவுக்குப் போவார்கள். முறிந்த காதலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அறை இவளுக்கே நிலைத்தது. ஒரே சங்கடம், அம்மாவிடம் பேச இவளும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. போன வாரம் இவள் முறை வந்தபோது, "அம்மா, நான் பாஸாயிட்டேன்," என்றாள்.

"சந்தோஷம்டி. மீன் தின்னாச்சா?"

"தின்னாச்சு."

"அப்புறம் ஏன் நிக்கிற? பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்க பாரு. விடிஞ்சாச்சு, போ."

இவள் கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஆணியிலிருந்து குரல் கேட்டது.

"அடியே, குளிருக்குப் போர்த்திக்கிட்டுப் படு."