எல்லாம் ஏற்கிறேன்

எழுத்து என்பது தவம். ஒரு சொல்லுக்காக எழுத்தாளன் ஊண் உறக்கம் மறக்கிறான். நெஞ்சின் உதிரத்தைத் தொட்டுத்தான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறான். இதைக் கேட்கக் காது இருக்கிற எல்லோரிடமும் கட்டுரைக்காரர் சொல்லுவார். சொல்லிவிட்டு, எழுதியதை ‘செம்மை’ என்ற திருத்தும் செயலிக்குள் கொட்டி, ‘எல்லாம் ஏற்கிறேன்’ என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

செம்மை நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். தொண்ணூறைத் தாண்டினால் ஓரத்தில் பச்சை எரியும். பச்சை எரிந்தால் அனுப்ப வேண்டியதுதான். அதற்குமேல் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது செம்மையைச் சந்தேகப்படுவது மாதிரி. அவர் மனைவி அந்தச் செயலிக்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

எந்த அலுவலகத்திலும் அவருக்கு நாற்காலி கிடையாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஷாம்பு துண்டறிக்கை, லிஃப்ட் கையேடு, பல் மருத்துவர் சங்க மலருக்கு வாழ்த்துரை என்று யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். எதிலும் அவர் பெயர் வராது. மனைவியின் அண்ணன் பார்க்கும்போதெல்லாம், “மாப்ள, உங்க ஷாம்பு பாட்டிலைப் படிச்சேன். படிக்கப் படிக்க நுரை வந்துச்சு” என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வார இதழிலிருந்து அழைப்பு வந்தது. ‘சொந்தக் குரல்’ என்று ஒரு பத்தி தொடங்குகிறார்களாம். வாராவாரம் பெயரும் போடுவார்களாம், படமும் போடுவார்களாம். மாதிரிக்கு ஒரு கட்டுரை வேண்டும். தலைப்பு: ‘என்னை வெட்கப்பட வைத்த ஒரு மணி நேரம்.’

அவருக்கு அதற்குப் பஞ்சமா? தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குக் கிளம்பி, தெரு மாறி, வேறொரு சாவு வீட்டுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு அழுது, இறந்தவரின் பெருந்தன்மையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, தூக்க ஆள் குறைகிறது என்றதும் தோளும் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அதை அப்படியே எழுதி மனைவிக்குப் படித்துக் காட்டினார். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏங்க, இப்படியே அனுப்பிடுங்க. ஒரு எழுத்தைத் தொடாதீங்க.”

“எப்படி அனுப்புறது? நாற்பத்தொண்ணுதான் போட்டிருக்கு. சிவப்பு எரியுது பாரு.”

“உங்க சின்ன வீட்டுக்குச் சிரிக்கத் தெரியாது. நான் சிரிச்சேனே, அதுக்கு எத்தனை மார்க்?”

“இது தொழில்மா. உனக்குப் புரியாது.”

பொத்தானைத் தட்டினார். தொண்ணூற்றெட்டு. பச்சை. அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த வாரம் இதழின் ஆசிரியரம்மா கூப்பிட்டனுப்பினார். கண்ணாடித் தடுப்பு அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்: உடல்நலக் குறிப்பு எழுதும் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர், பயணக் கட்டுரை எழுதும் பெண் ஒருத்தி. மேசைமேல் பெயரில்லாத மூன்று தாள்கள்.

“மூணு பேர் எழுதினதா, ஒருத்தரே மூணு தடவை எழுதினதான்னு எனக்குத் தெரியல” என்றார் ஆசிரியரம்மா. “அவங்கவங்க கட்டுரையை அவங்கவங்களே எடுங்க. சரியா எடுக்கிறவங்களுக்குத்தான் பத்தி.”

‘இவ்வளவுதானா?’ என்று கட்டுரைக்காரர் கையை நீட்டினார். பெற்ற பிள்ளையைத் தெரியாமலா போகும்?

‘வாழ்க்கை நமக்குப் பல பாடங்களைக் கற்பிக்கிறது’ என்றது முதல் தாள். ‘வாழ்க்கை நமக்குப் பல அனுபவங்களை வழங்குகிறது’ என்றது இரண்டாவது. மூன்றாவதில் பாடமும் இருந்தது, அனுபவமும் இருந்தது. சாவு வீடு எதிலும் இல்லை. அழுகை மூன்றிலும் ‘உணர்வுபூர்வமான தருணம்’ ஆகியிருந்தது. பாடையைத் தேடிப் பார்த்தார்; ‘சமூகப் பொறுப்பு’ என்று இரண்டு தாள்களில் கிடைத்தது.

“நான் ரத்தம் கொடுக்கப் போய் மயங்கி நர்ஸ் மேலேயே விழுந்ததை எழுதினேன்” என்று வழுக்கைத்தலைக்காரர் தாள்களைப் புரட்டினார். “நர்ஸ் எங்கம்மா போச்சு?”

“என் பஸ்ஸையே காணோம் சார். நீங்க நர்ஸைத் தேடுறீங்க.”

கட்டுரைக்காரர் அசரவில்லை. முதல் தாளை இரண்டு விரலால் தள்ளினார். “யாரோ தூக்கத்துல எழுதியிருக்காங்க.” மூன்றாவதை எடுத்து நிதானமாகப் படித்தார். கண் கலங்கியது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இதுதான் மேடம். இந்தக் கடைசி வரி என் கை. இதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“பெத்தவன்கிட்ட கேட்கிற கேள்வியா மேடம் இது?”

ஆசிரியரம்மா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். யார் எழுதியது என்று பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தது.

அவர் அணைத்துக்கொண்டது பஸ்ஸைத் தொலைத்த பெண்ணுடையது. தள்ளிவிட்டது அவருடையது.